பீலிக்கரைப் படிகள்

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கைக்குக் கிடைத்தது. போனில் ஒரு நொடியில் பேசிவிடலாம், இருந்தும் நாலு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது எப்படி? கோத்தகிரிக் குளிர் அந்தக் காலுக்கு ஆகாது. இரவில் கம்பளித் துணி சுற்றிவிடும்படி தங்கச்சியிடம் சொல்.

இங்கே எல்லாரும் சுகம். மகள் ஹட்டன் டவுனில் வேலைக்குப் போகிறாள். மகன் கொழும்பில், மாதம் ஒரு தடவை பதுளைக் கோச்சியில் வந்து போகிறான். தேயிலைத் தோட்டத்தில் மழைக்குக் கொழுந்து பரவாயில்லை, நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவதில் வழக்கமான இழுபறி. அதை எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது.

நீ எழுதியதில் ஒரு இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. வேலையை விட்ட பிறகு விடியக்காலை நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். மூச்சுப் பயிற்சி செய்கிறாயாமே, அதைப் பற்றி எழுது என்றும் கேட்டிருந்தாய். அதனால் இந்தக் கடிதம் முழுக்க அதுதான்.

போன வருஷம் சித்திரையில் தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்ததும் எனக்கும் உன் கதிதான். முப்பத்தொரு வருஷம், அதில் பாதி இராவேலை. தேயிலை காயவைக்கிற ட்ரையர் சத்தத்திலேயே ஊறிய உடம்பு. இராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும். அப்புறம் தூக்கம் வராது. தூக்கம் கெட்டதும் கோபம் வந்தது. கதவு படீரென்று சாத்தினால் கோபம், சாயத்தண்ணி ஆறிப்போனால் கோபம். ஒரு நாள் பக்கத்துக் காம்பிராப் பையன் வாசலில் பந்து அடித்தான். எட்டு வயசுப் பிள்ளை. எழுந்து போய்க் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நின்றானே, அந்த நிலை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த வாரமே கிளினிக்கில் பார்த்ததில் பிரஷர் 170க்கு 100. குளிசை தந்தார்கள்.

டவுனில் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார். வீட்டுக்காரி சொல்லித்தான் போனேன். முதல் நாள் அவர் ஒன்றும் கற்றுக் கொடுக்கவில்லை. சும்மா உட்காருங்கள், எப்போதும் போல மூச்சு விடுங்கள் என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, நீங்கள் இழுக்கிறீர்கள், முழுசாக விடுவதே இல்லையே" என்றார்.

மச்சான், அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஹட்டன் ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது. 1979. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட உங்கள் குடும்பம் ஒப்பாரிக் கோச்சியில் ஏறிய நாள். மேடை முழுக்கப் பெண்கள் கட்டிப் பிடித்து அழுகிறார்கள். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். ஆம்பிளைப் பிள்ளை அழக் கூடாதென்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கோச்சி வளைவில் மறையும்வரை விடவே இல்லை. அது ஒரு நாள் சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா செத்த அன்றும் அப்படித்தான் நின்றேன். ஸ்டோரில் தொரை சத்தம் போட்ட நாட்களிலும் அப்படித்தான். ஆசிரியர் ஐயா சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

ஆர்வக்கோளாறில் முதல் வாரமே ஒரு தப்புச் செய்தேன். திருமூலர் சொன்ன கணக்கு உனக்குத் தெரிந்திருக்கும்: பூரகம் (இழுப்பது) 16 மாத்திரை நேரம், கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32. அதை வீட்டில் நானாகவே செய்து பார்த்தேன். தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஐயா நன்றாகக் கண்டித்தார். அது வருஷக் கணக்கில் பழகி, குரு பக்கத்தில் இருக்கச் செய்வது. பிரஷர் உள்ளவன் மூச்சை அடக்கவே கூடாது, கும்பகத்தை மறந்துவிடுங்கள் என்றார். கபாலபாதி மாதிரி வேகமான பயிற்சிகளும் எனக்கு வேண்டாம் என்றுவிட்டார். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுப்பது, எட்டு எண்ணும்வரை மூக்கால் விடுவது, அவ்வளவுதான். இழுக்கும்போது வயிறு முன்னே வரவேண்டும், தோள் ஏறக் கூடாது.

இவ்வளவு சின்ன விஷயம் என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் என் வலது கை விரலை இடது மணிக்கட்டு நாடியில் வைக்கச் சொன்னார். நீயும் இப்போதே வைத்துப் பார். மெதுவாக இழு, நாடி கொஞ்சம் விரையும். நீளமாக விடு, தளரும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் ஓடுகிற வேகஸ் என்ற நரம்பு செய்கிற வேலையாம் அது. வெளிமூச்சு நீண்டால் அந்த நரம்பு இதயத்தை அமைதிப்படுத்துகிறது. கேட்டதை நம்புவது வேறு, என் சதைக்குள்ளேயே அது நடப்பதை விரலால் தொட்டுப் பார்ப்பது வேறு. யோக நூல்கள் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று சொல்கின்றன, நிமிஷத்துக்கு 15. நாலும் எட்டும் என்று விட்டால் நிமிஷத்துக்கு ஐந்துதான்.

தை மாதம் வாசலில் உட்கார்ந்துதான் செய்தேன். விடியுமுன் குளிரில் விடுகிற மூச்சு புகையாகத் தெரியும், நம் மலைநாட்டுக்காரனுக்கு இது ஒரு வசதி. முதலில் குட்டையாக, துண்டு துண்டாகப் போயிற்று. ஒரு மாதம் கழித்து ஒரே நூலாக, லாம்பு வெளிச்சத்தைத் தாண்டிப் போய்க் கலைந்தது. எண்ணிக்கையை விட்டுவிட்டு அந்த நூலையே பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீர் மேல் பனி படுத்திருக்கும். தூக்கமும் திரும்பியது. முழிப்பு மூன்று மணிக்கு வந்தது, அப்புறம் நாலு மணிக்கு, அப்புறம் ஐந்துக்கு.

ஆனால் மச்சான், உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிஷம் முடிந்து எழுந்தால் எதிரே ஒரு முழு நாள் வெறுமையாகக் கிடந்தது. மத்தியானத்துக்குள் மனசு பழையபடி புழுங்கத் தொடங்கிவிடும். அமைதியான மனசை எதில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஐயாவிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார், "எழுந்ததும் அடுத்து என்ன செய்கிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை.

நம் லயத்து வீடுகளிலிருந்து தண்ணி பிடிக்கிற பீலிக்கு இறங்குகிற பாதை உனக்கு மறந்திருக்காது. நீயும் நானும் வாளி தூக்கி வழுக்கி விழுந்த அதே பாதைதான். இத்தனை வருஷத்தில் அது இன்னும் மோசமாகிவிட்டது. குழாய் போட்டார்கள், வெயில் காலத்தில் அதில் தண்ணீர் வராது, அப்போது எல்லாரும் பீலிக்குத்தான் போகவேண்டும். சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொல்லியாகிவிட்டது. மாசியில் ஒரு காலை, மேல் லயத்து அக்கா ஒருத்தி குடத்தோடு விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கொழுந்து பறிக்கிற கை. நான் வாசலில் மூச்சுக்கு உட்கார்ந்திருந்தேன், குடம் உருளுகிற சத்தம் கேட்டு ஓடினேன்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் எழுந்து, கல் நெம்புகிற அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஒரு நாளைக்கு ஒரு கல், அதுதான் என் கணக்கு. ஒரு படிக்கு மூன்று கல் பிடிக்கும். கல்லை ஆற்றோரத்திலிருந்து தூக்கி வரவேண்டும். முதலில் மண்ணைக் கல்லின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறதோ அப்படியே குழிக்கவேண்டும். தட்டையான பக்கம் மேலே வரும்படி உட்காரவைத்து, மூலை மூலையாக மிதித்துப் பார்க்கவேண்டும். கொஞ்சம் ஆடினாலும் தூக்கிவிட்டுச் சல்லி வைத்துத் திரும்ப உட்காரவைக்கவேண்டும். மேல்பக்கம் ஒரு விரல் அகலம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தால்தான் மழைத்தண்ணி தங்காது, பாசி பிடிக்காது. தோட்டத்தில் படி கட்டிய ஒரு தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைசியில் இரண்டு காலையும் வைத்து நின்று பார்ப்பேன். கல் அசையாமல் நின்றால் உடம்புக்குள் என்னவோ ஒன்று அதோடு சேர்ந்து உட்காருகிறது. ட்ரையரிலிருந்து எத்தனையோ ஆயிரம் கிலோ தேயிலை இறக்கியிருக்கிறேன், அந்த உணர்வு ஒரு நாளும் வந்ததில்லை.

கல்லைத் தூக்கும்போதுதான் மூச்சு எனக்கு உண்மையில் பிடிபட்டது. அடக்கிக்கொண்டு தூக்கினால் கழுத்து நரம்பு புடைக்கிறது, பிரஷர்காரனுக்கு அது ஆகாது. விட்டுக்கொண்டே தூக்கினால் பாரம் தெரிவதில்லை. அப்போது நம் அம்மாமார் ஞாபகம் வந்தது. மத்தியானம் நிறுக்கக் கொழுந்தைத் தலையில் சுமந்துகொண்டு ஏறுவார்களே, 18 கிலோ, 20 கிலோ. ஒவ்வொரு எட்டுக்கும் "உஸ்... உஸ்..." என்று வாயைக் குவித்து ஊதிக்கொண்டே வருவார்கள். களைப்பில் விடுகிற பெருமூச்சு என்றுதான் சின்ன வயசில் நினைத்தேன். அது ஒரு வித்தை மச்சான். யாரும் சொல்லிக் கொடுக்காமல், மலையே பழக்கிக் கொடுத்த வித்தை. அவர்களுக்கு யாரும் யோகி என்று பேர் வைக்கவில்லை.

வைகாசி மழையில் பதினொரு படி அடித்துக்கொண்டு போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தேன். கல்லெல்லாம் கீழே தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தன. பழைய ஆளாக இருந்திருந்தால் அலவாங்கை வீசிவிட்டு வந்திருப்பேன். அன்று மேட்டிலேயே உட்கார்ந்து பத்து மூச்சு விட்டேன், நாலும் எட்டும். அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தது, பக்கத்தில் தண்ணி போகக் கான் வெட்டவே இல்லை. தண்ணிக்கு வழி விடாமல் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த மாதம் முழுக்க மழை விட்ட நேரமெல்லாம் கான்தான் வெட்டினேன். ஒரு படிகூட வைக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் அந்தப் பையன் வந்து நின்றான், நான் கை ஓங்கிய பிள்ளை. ஒன்றும் பேசவில்லை. ஒரு பழைய டின்னில் சல்லிக்கல் பொறுக்கிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். நானும் ஒன்றும் பேசவில்லை, வாங்கிக் கல்லுக்கு அடியில் வைத்தேன். இப்போது பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் வருகிறான். கல் ஆடுகிறதா என்று மிதித்துப் பார்ப்பது அவன் வேலை. இந்த மாதக் கிளினிக்கில் பிரஷர் 138க்கு 86. குளிசையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன்.

நீயும் செய்வாயென்றால் சொல்கிறேன். நாலு மணிக்கு முழிப்பு வந்தால் படுத்துக்கிடக்காதே. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார். வெறும் வயிறாக இருக்கவேண்டும். உனக்கு நாலும் எட்டும் கஷ்டமென்றால் மூன்றும் ஆறும். அடக்காதே. தலை சுற்றினால் விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடு. பத்து நிமிஷம் போதும். முடிந்ததும் திரும்பப் போய்ப் படுக்காமல், வேறு யாருக்காவது பயன்படுகிற ஒரு வேலையில் கை வை. சின்ன வேலை, தினமும் கொஞ்சம். முன்பு ஒரு தடவை எழுதியிருந்தாய், உங்கள் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள் என்று. அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு மரவேலை கைவந்தது. ஒரு நாளைக்கு ஒரு பலகை என்று தொடங்கினால் என்ன?

மார்கழிப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கிவிடும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறதே, வந்துவிடு. நல்லதண்ணிப் பக்கமாக ஏறுவோம். 2,243 மீட்டர் மலை, இரண்டு பேருக்கும் வயசு அறுபது. நின்று நின்று, மூச்சு விட்டு விட்டு ஏறினால் போதும். விடியுமுன் உச்சிக்குப் போகவேண்டுமென்று ஒன்றும் கட்டாயமில்லை.

அதற்கு முன்னால் பீலிக்கரைக்கு உன்னைக் கூட்டிப் போகவேண்டும். இதுவரை நாற்பத்தொரு படி முடிந்திருக்கிறது, இன்னும் இருபது இருக்கும். நாளைக்கு வைக்கவேண்டிய கல்லை இன்றைக்கு ஆற்றோரத்தில் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். நல்ல அகலமான கல், ஒரு ஆளால் தூக்க முடியாது. வீட்டுக்காரி ஒரு பக்கம் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அத்தையிடம் பீலிக்கரைக்குப் படி வந்துவிட்டது என்று சொல். அந்தப் பாதையில் அவர் எத்தனை குடம் சுமந்திருப்பார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மச்சான்