"டிகிண்டரில் அது இல்லை சார்": நெல்லைக் கணினித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையின் கல்லூரிகளில் கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சிறு கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். உங்கள் மாணவர்களில் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், பைத்தான் மொழியில் தடுமாறாமல் நிரல் எழுதுகிறார்கள். ஆனால் திரையில் சாளரமும் பொத்தானும் அமைக்கப் பைத்தானோடு வரும் டிகிண்டரில் ஒரு வசதி அகப்படாத இடம் வந்ததும் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். "டிகிண்டரில் அது இல்லை சார்" என்பார்கள். அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

திருநெல்வேலி டவுணில் கல்யாண வீடுகளுக்கு அண்டா, கொப்பரை, செம்பு என்று பாத்திரங்களை வாடகைக்கு விடும் ஒரு கடைக்கு நாங்கள் பில் போடும் நிரலை எழுதியிருந்தோம். கடையில் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி. பிரிண்டரோ அதற்கும் மூத்தது, உத்தரவு போய்ச் சேர்ந்தபின் யோசித்துத்தான் அச்சடிக்கத் தொடங்கும். முதலாளிக்கு அந்தப் பொறுமை இல்லை. மறுபடியும் பொத்தானை அழுத்திவிட்டு, "தம்பி, ரெண்டு பில்லு வந்துட்டு, இருவது அண்டா கூடப் போயிருக்குன்னு காட்டுது" என்று என்னைக் கூப்பிட்டார். பொத்தானை மட்டும் முடக்கினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அச்சாகிக் கொண்டிருக்கும்போதே எண்ணிக்கைப் பெட்டிகளையும் அவர் மாற்றுவார் என்பதால், சாளரம் முழுவதும் எந்தச் சொடுக்கையும் ஏற்காதபடி அதைச் சற்று நேரம் மூடி வைப்பதே சரியாக இருந்தது.

டிகே என்ற வரைகலைக் கருவித்தொகுதியில் இதற்கென்றே 'டிகே பிஸி' என்ற கட்டளை இருக்கிறது. 2012 டிசம்பரில் வெளியான 8.6 பதிப்பிலேயே அது வந்துவிட்டது. ஆனால் டிகேயைப் பைத்தானோடு இணைக்கும் பைண்டிங்கான டிகிண்டரில், அதற்குரிய மெத்தட்கள் 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13இல்தான் சேர்ந்தன. விண்டோஸ் 7இல் ஓடக்கூடிய கடைசிப் பைத்தானோ 3.8. இந்தக் கணக்கைப் பார்த்த மாணவர், கடைக்காரர் புதுக் கணினி வாங்கினால் ஒழிய வழியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். டிகேயின் தாய்மொழி டிசிஎல் என்ற நிரல்மொழி; டிகிண்டர் தன் வயிற்றுக்குள் அதன் கட்டளைகளை நிறைவேற்றும் ஒரு முழு மொழிபெயர்ப்பியை (இன்டர்பிரட்டர்) வைத்திருக்கிறது. நாம் அழைக்கும் பெரும்பாலான மெத்தட்கள் ஒரு டிசிஎல் கட்டளையைக் கோத்து அதனிடம் நீட்டுவதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஆகவே, மெத்தட் இல்லாவிட்டாலும், விட்ஜெட்டின் (சாளரம், பொத்தான் போன்ற திரை உறுப்பின்) 'டிகே' பண்பில் உள்ள 'கால்' என்பதை அழைத்து, 'டிகே', 'பிஸி', 'ஹோல்ட்' என்ற மூன்று சொற்களையும் சாளரத்தின் பெயரையும் கொடுத்தால், பைத்தான் 3.8இலும் சாளரம் மூடிக்கொள்கிறது. ஒரு வரி வேலை, அவ்வளவே. 2018இல் பைத்தான் 3.7 வரும் வரை, டிகேயின் இன்னொரு விட்ஜெட் தொகுதியான டிடிகேயில் எண்ணைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியான ஸ்பின்பாக்ஸுக்கும் டிகிண்டரில் கிளாஸ் கிடையாது. அப்போதும், டிடிகேயின் எழுத்துப் பெட்டியான என்ட்ரியிலிருந்து ஒரு கிளாஸை வருவித்து விட்ஜெட் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துச் சமாளித்தவர்கள் உண்டு.

ஆனால் குறுக்கு வழியில் முள் உண்டு என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பைத்தான் ஃபங்ஷன் ஒன்றை இப்படி நேரடியாகக் கொடுத்தால் டிசிஎல்லுக்கு அதை விவரிக்கும் வெறும் எழுத்துச் சரம்தான் போய்ச் சேரும். முதலில் 'ரெஜிஸ்டர்' செய்து, கிடைக்கும் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். ஹோல்ட் செய்தவுடன் 'அப்டேட்' அழைக்காவிட்டால், வேலை முடிந்த பிறகே மூடி விழும். மூடி மவுஸைத்தான் மறிக்கும் என்பதால் விசைப்பலகையின் ஃபோகஸை நாமே வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். எங்களை அரை நாள் அலைக்கழித்தது வேறொன்று: மூடியிருக்கிறதா என்று கேட்டால் வரும் விடை, எண்ணாகவும் வரலாம், எழுத்துச் சரமாகவும் வரலாம். "0" என்ற சரம் பைத்தானுக்கு உண்மை. திறந்து கிடந்த சாளரத்தை மூடியிருக்கிறது என்று எங்கள் நிரல் நம்பிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுவே. 'கெட்பூலியன்' வழியாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. டிகிண்டரின் சொந்த மெத்தடும் அப்படித்தான் வாங்குகிறது.

எல்லாக் குறையும் பைண்டிங்கின் குறை அல்ல என்பதும் மாணவருக்குத் தெரிய வேண்டும். இதே நிரலை லினக்ஸில் ஓட்டியபோது 'செம்பு' என்பதன் ஒற்றைக் கொம்பு சகரத்துக்கு முன்னே வராமல் பின்னே போய் நின்றது. லினக்ஸில் டிகே 8.6 இந்திய எழுத்துகளைக் கோத்து வரைவதில்லை. இங்கே எத்தனை 'கால்' போட்டாலும் பயனில்லை. பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நூலகங்கள் எழுத்தைக் கோத்துத் தரும் ஜிடிகே என்ற வேறொரு கருவித்தொகுதிக்கு மாறுவதே அங்கே நேர்வழி.

ஆகையால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். டிகிண்டர் ஆய்வகத்தில் ஒரு வகுப்பையாவது ஒதுக்கி, பைத்தானோடு வரும் டிகிண்டரின் மூலக் கோப்பையே திறந்து மாணவர்களோடு படியுங்கள்; நீளமானதே தவிர, கடினமானதல்ல. இறுதியாண்டுப் புராஜெக்டில் இப்படிப்பட்ட குறுக்கு வழிகள் இருந்தால், அவை நிரலெங்கும் சிதறிக் கிடக்காமல் ஒரே கோப்பில் இருக்கின்றனவா, புதிய பைத்தானில் உண்மையான மெத்தட் இருந்தால் அதையே பயன்படுத்துகின்றனவா என்று வைவாவில் கேளுங்கள். மூன்றாவது, இல்லாத மெத்தடை எழுதிப் பைத்தான் திட்டத்துக்கே அனுப்பும் மாணவருக்கு அதையும் புராஜெக்டாக ஏற்று மதிப்பெண் கொடுங்கள். 'டிகே பிஸி'க்கு விழுந்த ஏறத்தாழ 12 ஆண்டு இடைவெளி இனி விழாதிருக்க அது உதவும் என்று நினைக்கிறேன்.

பாத்திரக் கடைக்காக எழுதிய கோப்பு 140 வரிதான். சனிக்கிழமைகளில் எனக்கு ஓய்வு உண்டு. அழைத்தால் அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஆய்வகத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை நிரலர் ஒருவர்