தண்ணீரைப் பாதையிலிருந்து இறக்குகிற வேலை

ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? வத்தலக்குண்டில் மழை உண்டா? போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். போன ஞாயிறு காட்டில் நடைபாதையைச் சரிசெய்கிற மண் வேலைக்குத் தன்னார்வமாகப் போனேன் என்று சொன்னதும், "அமெரிக்கா போயுமா மண்வெட்டி?" என்று கேட்டீர்கள். அதற்கான பதில் போனில் அடங்காது. முப்பது வருஷம் கொடைக்கானல் மலைச்சாலையைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். இங்கே நாங்கள் செய்வது உங்களுக்குப் புரிகிற அளவுக்கு நம் வீட்டில் வேறு யாருக்கும் புரியாது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கேஸ்கேட் மலைத்தொடர் வந்துவிடும். அதன் மேற்குச் சரிவு முழுக்க, கனடா எல்லையிலிருந்து ரெய்னியர் மலையின் அடிவாரம் வரைக்கும், மவுண்ட் பேக்கர்-ஸ்னோக்வால்மி தேசிய வனம். ஏறக்குறைய 17 லட்சம் ஏக்கர். இது பொதுச் சொத்து. நம் பக்கம் ரிசர்வ் காடு என்றால் செக்போஸ்ட்டும் அனுமதிக் கடிதமும்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே யார் வேண்டுமானாலும் உள்ளே போய் நடக்கலாம். சில இடங்களில் கார் நிறுத்துவதற்கு மட்டும் ஒரு பாஸ், வருஷத்துக்கு 30 டாலர்.

ஆனால் இவ்வளவு பேர் நடந்தால் பாதை தேயத்தானே செய்யும்? அதோடு மழை. ஸ்னோக்வால்மி கணவாயில் மழையும் பனியும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 100 அங்குலம் விழுகிறது. இலையுதிர் காலத்தில் ஹவாய்த் தீவுகள் பக்கமிருந்து வெதுவெதுப்பான மழைமேகம் ஒன்று நீளமாகக் கிளம்பி வரும். இங்கே அதை 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்கிறார்கள். அப்போதுதான் விழுந்த பனியின் மேல் அந்த மழை கொட்டும். பனியும் கரைந்து மழையோடு சேர்ந்து இறங்கினால் ஆறு எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதை கெடுகிற விதம் இதுதான். மலைச்சரிவில் வெட்டிய ஒற்றையடிப் பாதை புதிதாக இருக்கும்போது வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். 20 அங்குல அகலத்துக்கு ஓர் அங்குலம் இறக்கம் போதும். மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்க மிதிக்க நடு இடம் அமுங்குகிறது. ஒதுங்கிய மண் வெளிவிளிம்பில் வயல் வரப்பு மாதிரி மேடு கட்டிவிடுகிறது. அதற்கப்புறம் தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது, பாதையின் நீளத்துக்கே ஓட ஆரம்பிக்கிறது. சரிவு கூடின இடத்தில் மண்ணை அரித்துக்கொண்டு போய் வேரையும் கல்லையும் வெளியே காட்டிவிடும். சமமான இடத்தில் தேங்கிச் சேறாகும். சேற்றுக்குப் பயந்து வருகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள், ஓரத்துச் செடிகள் சாகும். இரண்டடிப் பாதை பத்தடி அகலத்துக்குச் சேற்றுக்கிடங்காகிவிடும். வளைவுகளில் இன்னும் மோசம். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஒருவர் நேராக இறங்கினால் போதும், அடுத்த மழைக்குத் தண்ணீர் அவர் போன தடத்தையே பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வேலை அந்தத் தண்ணீரைப் பாதையிலிருந்து இறக்கிவிடுவது. வெளிவிளிம்பு மேட்டை வெட்டி எடுக்கிறோம், பழைய சாய்மானத்தைத் திரும்பக் கொண்டுவருகிறோம். இடையிடையே பாதைக்குக் குறுக்கே, கொஞ்சம் சாய்வாக, அகலமான பள்ளம் எடுக்கிறோம். அதன் வாய் கீழ்ப்பக்கம் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஒடுக்கமாக எடுத்தால் ஒரே சீசனில் இலைதழை அடைத்துவிடும், அதனால் அகலமாக, நடக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாத மாதிரி எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மக்கின இலைமண்ணைப் பாதையில் போடவே கூடாது. அது தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேறாகும். அதை வழித்தெடுத்துவிட்டு அடியிலிருக்கும் கெட்டியான மண் வரைக்கும் போக வேண்டும். நிரப்ப மண் தேவைப்பட்டால் பாதையிலிருந்து தள்ளி, கண்ணில் படாத இடத்தில் குழி வெட்டிச் சட்டியில் சுமந்து வருகிறோம். வேலை முடிந்ததும் அந்தக் குழியில் கட்டையும் இலைமண்ணும் போட்டு, மேலே பாசியும் பெரணியும் வைத்து மூடிவிடுவோம்.

சதுப்பு நிலத்தில் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் தேவதாரு மாதிரியான மரக்கட்டைகளைப் பதித்து, நடுவே கெட்டித் துணி விரித்து, சுத்தியலால் உடைத்த கல்லைப் போட்டு, அதன் மேல் கிராவல் கொட்டிப் பாதையையே உயர்த்திவிடுகிறார்கள். உங்கள் காலத்தில் கருங்கல்லை உடைத்து ஜல்லி போட்டதைச் சொல்வீர்களே, அந்த வேலைதான், ஒரு காலடிப் பாதைக்கு. பாறைப் படிகள் வைப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாலு பேர் கடப்பாரை போட்டு ஒரு கல்லை நெம்பிக்கொண்டு வருவோம். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விட வேண்டும், வெளியே தெரிவது கால் வைக்கிற முகம் மட்டும். மேல்படி கீழ்ப்படியின் பின்விளிம்பில் ஏறி உட்கார வேண்டும். ஏறி நின்று ஆட்டிப் பார்த்து, துளி அசைந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள். ஒரு படிக்கு அரை நாள் போனாலும் யாரும் அவசரப்படுத்துவதில்லை.

இதை ஏற்பாடு செய்வது வாஷிங்டன் டிரெய்ல்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு. 1966-ல் மலையேறுகிறவர்களுக்கான ஒரு பத்திரிகையாகத் தொடங்கி, 1993-ல் பாதை பராமரிப்பில் இறங்கினார்கள். காலை எட்டரைக்குப் பாதை தொடங்கும் இடத்தில் கூட வேண்டும். தலைக்கவசம், கையுறை கட்டாயம். வருகிறவர்களுக்குப் பச்சைத் தொப்பி, குழுத் தலைவருக்கு ஆரஞ்சு, உதவித் தலைவர்களுக்கு நீலம். ஐந்து நாள் வேலைக்கு வந்துவிட்டால் பெயர் எழுதிய சொந்தத் தொப்பி கொடுக்கிறார்கள். எனக்கும் கிடைத்துவிட்டது, படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், வாங்கிப் பாருங்கள். போன வாரக் குழுத் தலைவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை. கருவியோடு வேலை செய்யும் ஒருவரைத் தாண்டிப் போவதானால் நின்று குரல் கொடுத்து, அவர் வேலையை நிறுத்திய பிறகுதான் கடக்க வேண்டும் என்பதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. அந்த விதியை மட்டும் அவர் ஒருநாளும் விட்டுக்கொடுப்பதில்லை.

நாங்கள் அதிகம் பயன்படுத்தும் கருவிக்குப் புலாஸ்கி என்று பெயர். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் மண் கொத்துகிற அலகு. எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1910 ஆகஸ்ட்டில் ஐடஹோ, மொன்டானா பக்கம் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர். அதற்குப் பின் தீயணைப்புக்காக அவர் செம்மைப்படுத்திய கருவிதான் இன்று எங்கள் கையில் இருக்கிறது. விழுந்த மரத்தை அறுக்க இயந்திர ரம்பம் எல்லா இடத்திலும் கிடையாது. 1964-ல் வந்த சட்டப்படி, வனாந்தரமாக அறிவித்த பகுதிகளுக்குள் மோட்டார் கருவிகளுக்கே அனுமதி இல்லை. அங்கே இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் நீள ரம்பம்தான். நாலடி விட்டமுள்ள மரத்தைக்கூட அதைக் கொண்டே அறுக்கிறார்கள்.

சாலைகளைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்பீர்கள். பாதை தொடங்கும் இடத்துக்குப் போவதே பல இடங்களில் பெரும்பாடு. மண் சாலை, பள்ளம் மேல் பள்ளம், நம் வீட்டுக் கார் அடி தட்டுகிறது. நாடு முழுக்க வனத்துறையின் கையில் சுமார் 3,70,000 மைல் சாலை இருக்கிறது. நடக்கிறவர்களுக்காகப் போட்டதல்ல, பெரும்பகுதி மரம் வெட்டி இறக்கப் போட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் முப்பது நாற்பது வருஷம் இந்த மலைகளில் மரம் வெட்டினார்கள். மரம் வாங்கிய கம்பெனிகளே சாலை போட்டன, லாரி ஓடின காலம் வரைக்கும் பராமரித்தன. 1990-ல் இங்குள்ள ஓர் ஆந்தை இனம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சட்டப்படி பட்டியலில் சேர்ந்தது. 1994-ல் வடமேற்குக் காடுகளுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. பொதுக் காடுகளில் மரம் வெட்டுவது பெருமளவு குறைந்தது. காட்டுக்கு அது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சாலைகளுக்குச் சோறு போட்ட கை அதோடு போய்விட்டது, சாலை மட்டும் மலையில் நிற்கிறது.

சாலை கெடுவதற்குக் காரணம் நீங்கள் எத்தனையோ முறை சொன்னதுதான்: சாலைக்கு அடியால் ஓடைத் தண்ணீரைக் கடத்திவிடுகிற கல்வெர்ட். அந்தக் காலத்தில் போட்ட இரும்புக் குழாய்கள், விட்டம் குறைவு, அடித்தகடு துருப்பிடித்துப் போயிருக்கிறது. வெள்ளத்தில் ஒரு கட்டை வந்து வாயை அடைத்தால் தண்ணீர் சாலையின் மேலேறி, பக்க வாய்க்காலை விட்டுவிட்டு, சாலையின் நீளத்துக்கு ஓடி, எங்கே பலவீனமோ அங்கே கரையை மொத்தமாகக் கொண்டுபோய்விடும். இப்போது புதிதாகப் போடும் கல்வெர்ட் நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி, செலவும் அதற்கேற்ப அதிகம்.

சூயாட்டில் ஆற்றங்கரைச் சாலை என்று ஒன்று இருக்கிறது. 2003-லும் 2006-லும் வந்த வெள்ளங்கள் அதைப் பல இடங்களில் அறுத்துவிட்டன. கிளேஸியர் பீக் மலையைச் சுற்றியுள்ள வனாந்தரத்துக்கு அதுதான் முக்கியமான வழி. சாலையை ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, அதற்காகப் பழைய மரங்களை வெட்டலாமா என்று வாதம் நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில் 2014 அக்டோபரில்தான் திறந்தார்கள். அத்தனை வருஷமும் உள்ளே இருந்த பாதைகளுக்கு ஆள் போய்ச் சேரவே கஷ்டம். பாதையில் மரம் விழுந்தது, புதர் மூடியது. சாலை அறுந்தால் அதற்கப்பால் இருக்கும் பாதையும் மெல்லச் செத்துவிடுகிறது என்பதை அங்கே நேரில் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

அதற்காக எல்லாச் சாலையையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். யாரும் போகாத பழைய லாரிச் சாலை சரிந்தால் அந்த மண் முழுக்க ஆற்றுக்குத்தான் போகும். இங்கே சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஏறிவந்து ஆற்றின் கூழாங்கல்லுக்கு நடுவே முட்டையிடும். நுண்ணிய மண் படிந்தால் முட்டைக்கு மூச்சு முட்டிப்போகும். 2008-ல் இதற்கென்றே தனியாகப் பணம் ஒதுக்கத் தொடங்கினார்கள். அதை வைத்து முக்கியமான சாலைகளைச் சீர்செய்கிறார்கள். வேண்டாதவற்றில் கல்வெர்ட்டுகளைத் தோண்டி எடுத்து, ஓடைகளை அதனதன் போக்கில் திறந்துவிட்டு, சரிவைப் பழையபடி சாய்த்து மூடிவிடுகிறார்கள். வாழ்நாளெல்லாம் சாலையைக் காப்பாற்றின உங்களுக்கு இதைக் கேட்க மனசு வராது. ஆனாலும் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்து, வேண்டியதை ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்றவர்கள் வருகிறோம் என்பதை வைத்து அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது. 2020-ல் பொது நிலங்களின் நிலுவைப் பராமரிப்புக்கு ஐந்து வருஷத்துக்குப் பெரிய தொகை ஒதுக்கிச் சட்டம் வந்தது. ஆனால் 2025 பிப்ரவரியில் வனத்துறையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை ஒரே வீச்சில் நீக்கினார்கள். அந்த வருஷம் பாதை வேலைக்கான சீசன் ஆட்களையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து நாங்கள் பள்ளம் எடுக்கலாம், கல் வைக்கலாம். எந்தச் சரிவு எந்த வருஷம் நகர்ந்தது, எந்தக் கல்வெர்ட் எப்போது அடைக்கும் என்று அங்கேயே கிடந்து பார்த்தவர்களின் இடத்தை எங்களால் நிரப்ப முடியாது. நம் மலைச்சாலையில் எந்த வளைவில் ஊற்று எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியுமே, அந்த மாதிரி அறிவு அது. நான் கோபப்படுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அப்புறம், இங்கே நம் ஆட்களும் நிறைய நடக்கிறார்கள். ஸ்னோ லேக் பாதையில் ஒரு ஞாயிறு நின்றால் தமிழ் காதில் விழாமல் இருக்காது. புளியோதரை டப்பாவோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். அடுத்த வேலை நாளுக்கு எங்கள் தெருவில் இருக்கும் மூன்று தமிழ்க் குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம், நீங்கள்தான் தீர்க்க வேண்டும். நாங்கள் வேலை செய்யும் பாதையில் ஓர் இடத்தில் வருஷம் முழுக்க அடியிலிருந்து ஊற்று கசிகிறது. மேலே எத்தனை பள்ளம் எடுத்தாலும் பயனில்லை, பாதை நடுவில் நொதநொதவென்று கிடக்கிறது. மேல்சரிவில் நீளமாக வாய்க்கால் எடுத்துக் கல் நிரப்பித் தண்ணீரைச் சேர்த்து, ஒரே இடத்தில் அடியால் கடத்திவிடலாம் என்கிறார் குழுத் தலைவர். பாதையையே நாலடி உயரத்துக்கு மேலே மாற்றி வெட்டலாம் என்கிறார் இன்னொருவர். உங்கள் வளைவுகளில் ஊற்று வந்த இடத்தில் என்ன செய்தீர்கள்? கல்லை எந்த அளவில் போட்டீர்கள், அது எத்தனை வருஷம் மண் அடைக்காமல் தாங்கியது? படம் வரைந்து தம்பியிடம் கொடுத்தால் அனுப்பிவிடுவான். அடுத்த வேலைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

அம்மாவுக்கு என் அன்பு. மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்