டெட்ராய்ட்டிலிருந்து சித்தப்பாவுக்கு

கேன்டன், மிஷிகன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் இங்கு நலம். தாங்களும் சித்தியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். குழந்தைகள் பள்ளிக்குப் பழகிவிட்டார்கள்; பனிக்கு நான்தான் இன்னும் பழகவில்லை. இந்த ஊர் எப்படி என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். கார் ஆலைகளைப் பற்றி அவர் தொலைபேசியில் சொல்லியிருப்பார். மெல்லிசைக் குழுவில் பல ஆண்டுகள் பேஸ் கிட்டார் வாசித்த தங்களுக்கு நான் எழுத வேண்டியது வேறொன்று.

டெட்ராய்ட் நகரின் மேற்கு கிராண்ட் புலவார் சாலையில் வெள்ளைச் சுவரும் நீல விளிம்புகளும் கொண்ட வீடு ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்குச் சாதாரணக் குடியிருப்பு போன்றதுதான்; இப்போது அது ஓர் அருங்காட்சியகம். 1959-இல் பெர்ரி கோர்டி என்ற இளைஞர், குடும்பத்தார் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து 800 டாலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அதே ஆண்டில் இந்த வீட்டையும் வாங்கினார். மோட்டவுன் என்ற அந்த நிறுவனம் பிறந்தது இப்படித்தான். அதற்கு முன் அவர் லிங்கன்-மெர்க்குரி கார் ஆலையில் அசெம்பிளி லைன் தொழிலாளியாக இருந்தவர். ஒரு முனையில் வெறும் சட்டகமாக நுழைவது மறுமுனையில் புத்தம்புதுக் காராக வெளிவருவதைப் பார்த்தபோதுதான், தெருவிலிருந்து வரும் பிள்ளைகளையும் அவ்வாறே படிப்படியாகத் தேர்ந்த கலைஞர்களாக்கி அனுப்ப முடியும் என்று தமக்குத் தோன்றியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அதற்கேற்ப எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருந்தார்கள். நடை, உடை, பேச்சு ஆகியவற்றைக் கற்பிக்க மேக்சின் பவல், நடன அசைவுகளுக்குச் சோலி அட்கின்ஸ். பதிவான பாடல்களில் எதை வெளியிடுவது என்று வாரந்தோறும் கூடி விவாதித்தார்கள். பசியோடு இருக்கும் ஒருவரின் கையில் ஒரே ஒரு டாலர் இருந்தால் அவர் இந்த இசைத்தட்டை வாங்குவாரா, சாண்ட்விச்சை வாங்குவாரா என்பது அங்கு கேட்கப்பட்ட கேள்வி. இளைஞர்கள் காரில்தான் பாட்டுக் கேட்கிறார்கள் என்பதால், கார் வானொலியைப் போன்ற சிறிய ஸ்பீக்கரிலும் போட்டுக் கேட்டு முடிவு செய்தார்களாம்.

என்னை அங்கு அழைத்துச் சென்றவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார். கறுப்பின அமெரிக்கர், ஓய்வுபெற்ற ஆசிரியை. 1964 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எட் சல்லிவன் நடத்திய புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மோட்டவுனின் சுப்ரீம்ஸ் பாடகியர் குழுவின் மூன்று பெண்களும் முதன்முறையாகத் தோன்றியதை அவர் இப்போதும் முகம் மலர விவரிக்கிறார். தொலைக்காட்சியில் தம் இனத்தாரைப் பெரும்பாலும் வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் மட்டுமே பார்த்திருந்த சிறுமிக்கு, தன் ஊரின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த டயானா ராஸ், மேரி வில்சன், ஃப்ளாரன்ஸ் பல்லார்ட் ஆகியோர் நாடே பார்க்க நிமிர்ந்து நின்று பாடியது என்னவாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மறுநாள் தெருவிலிருந்த பெண் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கையசைவுகளைப் பழகினார்களாம். அவர் சேர்த்து வைத்திருக்கும் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டுகளை என் மகள் மிகக் கவனமாக எடுத்துப் போட்டுக் கேட்கிறாள்.

வீட்டின் பின்பகுதியில் ஒலிப்பதிவுக் கூடம் அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. எதிரொலி வேண்டும் என்பதற்காகக் கூரையில் துளையிட்டுப் பரணையே ஒலியறையாக்கியிருக்கிறார்கள். இரவு பகல் பாராமல் அங்கு வாசித்தவர்கள் ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக் குழுவினர். பெரும்பாலும் ஜாஸ் இசையில் ஊறியவர்கள். அவர்களுள் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரைப் பற்றித் தங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். தென் கரோலைனாவில் பிறந்து, பதின்வயதில் இங்கு வந்தவர். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே பேஸ் தந்திகளை மீட்டியவர். அறுந்தாலொழியத் தந்தியை மாற்றமாட்டாராம். தாளத்துக்குத் துணையாக அடியில் ஒலித்துக்கொண்டிருந்த பேஸை, பாடகரின் குரலோடு உரையாடும் இரண்டாவது மெட்டாகவே அவர் மாற்றிவிட்டார். கச்சேரியில் தாங்கள் வாசிக்கும்போது எங்கள் காலடியில் மேடை அதிர்ந்ததே, அந்த அதிர்வை இந்தப் பாடல்களில் மீண்டும் உணர்கிறேன்.

ஆனால் அன்றைய இசைத்தட்டுகளில் அவர்கள் பெயர் இல்லை. 1971-இல் மோட்டவுன் பாடகர் மார்வின் கேய் வெளியிட்ட இசைத்தட்டின் உறையில்தான் மோட்டவுன் முதன்முதலாக இந்த வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டது. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது; குழுவினரில் பலர் இங்கேயே தங்கிப்போனார்கள். ஜேமர்சன் 1983-இல், 47 வயதில் காலமானார். ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் அவர் சேர்க்கப்பட்டது 2000-இல். உலகமே ஆடிய பாட்டில் வாசித்த மனிதரை அவர் உயிரோடு இருந்தபோது ஊர் அறியவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

நகரமும் அவ்வாறே தேய்ந்தது. 1967 ஜூலையில் இங்கு வெடித்த இனக் கலவரத்தில் 43 பேர் உயிரிழந்தனர். 1950-இல் பதினெட்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010-இல் ஏழு லட்சத்தைச் சற்றே தாண்டி நின்றது. ஆயினும் அந்த அம்மையார் பழைய நாட்களைப் பேசும்போது, இழந்ததைவிட ஆக்கியதையே முதலில் சொல்கிறார்.

நம் திரைப்பாடல்களிலும் பாடியவர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் நமக்குத் தெரியும். பின்னால் இருந்து வாசித்தவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? தங்கள் குழுவில் டோலக், அக்கார்டியன், வயலின் வாசித்தவர்களின் பெயரையும் ஊரையும், எந்தெந்தத் திருவிழாக்களில் எந்தப் பாடல்களை வாசித்தீர்கள் என்பதையும் நினைவில் உள்ளவரை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டுகிறேன். எழுதக் கை வலித்தால், தாங்கள் சொல்லச் சொல்லத் தம்பி கைபேசியில் பதிவு செய்யட்டும். நான் கோடை விடுமுறையில் வரும்போது தங்களோடு உட்கார்ந்து, விடுபட்டவற்றைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகள்