மறுவாழ்வுப் பயிற்சியில் மூச்சுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மடங்கிய விரல்களை விரிக்கப் பழக்குவது, பிடிமானத்துடன் நிற்கவைப்பது, பேச்சை மீட்பது என்று எல்லாமே பொறுமையாக விளக்கப்பட்டிருந்தன. மூச்சைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. கட்டுரையாளரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. என் கணவர் பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பியபோது எங்களிடம் தரப்பட்ட பயிற்சித் தாளிலும் அந்த வரி இல்லை. அதனால் நாங்கள் பட்ட பாடு இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டதால் அவருக்கு வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தோம். கால் சற்றுத் தேறியது, குரல் தேறவில்லை. மூன்று சொல் பேசுவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். இருமினால் மெல்லக் கனைப்பது போன்ற ஓர் ஓசை வருமே தவிர, நெஞ்சில் கட்டிய சளி அசையாது. உடல் அசதி என்று எண்ணி, நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று அவரை இன்னும் அதிக நேரம் படுக்கவைத்தேன். பத்து நாளில் காய்ச்சல் கண்டது. நிமோனியா என்று மீண்டும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அங்கேதான் ஓர் இயன்முறை மருத்துவர், அவருடைய கீழ் விலா எலும்புகளின் மேல், பக்கத்துக்கு ஒன்றாக, என் இரு உள்ளங்கைகளையும் வைக்கச் செய்து, அவரை ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார். அவருடைய இடப்பக்கத்தில் இருந்த கை நன்றாக விலகியது. வலப்பக்கத்தில் இருந்த கை ஏறக்குறைய வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக இரவும் பகலும் அருகில் இருந்த எனக்கு அது அன்றுவரை தெரியாது.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம்தான் மூச்சின் முதன்மையான தசை. தானாக நடக்கும் மூச்சை மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது. நாமாக ஆழ்ந்து இழுப்பதற்கும் பலமாக இருமுவதற்கும் வேண்டிய கட்டளை, கைகாலுக்குச் செல்வதைப் போலவே, பெரும்பாலும் மூளையின் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே கையும் காலும் செயலிழந்த அதே பக்கத்தில் உதரவிதானமும், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும், வயிற்றுத் தசைகளும் தளர்ந்துபோகக்கூடும். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதோ உறங்கும்போதோ இது பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை; முயன்று இழுக்கச் சொன்னால்தான் வெளிப்படுகிறது. மூச்சுத் தசைகளின் வலுவை அளந்து பார்த்தால், பக்கவாதம் கண்ட பலருக்கு அது நலமாக இருப்பவர்களின் வலுவில் பாதிக்கும் குறைவாக இருக்கிறது.

இருமல் எவ்வளவு பெரிய வேலை என்பதையும் அப்போதுதான் அறிந்துகொண்டேன். முதலில் காற்றை நிறைய இழுக்க வேண்டும். பிறகு குரல்வளையை மூடி அழுத்தம் சேர்க்க வேண்டும். அதன் பின் வயிற்றுத் தசைகள் சட்டென்று இறுகி அந்தக் காற்றை வெளியே தள்ள வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் சளி உள்ளேயே தங்கிவிடும். பக்கவாதத்தின் தொடக்க நாட்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதிலும் சிரமம் இருக்கிறது. அவர்களில் சிலருக்கு நீரோ உமிழ்நீரோ மூச்சுக்குழலுக்குள் போனால் புரைகூட ஏறுவதில்லை, ஓர் இருமலும் வராமல் உள்ளே இறங்கிவிடுகிறது. விழுங்குவது பிசகி, வெளியேற்றும் இருமலும் வலுவிழந்த உடலில் நிமோனியா நுழைவதற்கு அதிக நாள் ஆவதில்லை.

எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட பயிற்சிகள் எளியவைதாம். முதுகுக்கு நல்ல சாய்மானம் கொடுத்து நிமிர்ந்து உட்காரவைத்து, வயிற்றின் மேல் கையை வைத்து, அந்தக் கை மேலெழும்படி மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து அதைவிட மெதுவாக விடச் செய்வோம். ஐந்தாறு மூச்சுக்குப் பின் கட்டாயம் இடைவெளி. பிறகு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொல்வோம். முதல் வாரம் நான்கு வரை எண்ணியவர் இரண்டு மாதத்தில் பதினொன்று வரை எண்ணினார். இவற்றோடு, உள்ளே சுருள்வில் பொருத்திய ஒரு சிறு கருவியும் தந்தார்கள். குறிப்பிட்ட அழுத்தத்துக்கு இழுத்தால்தான் அதன் வால்வு திறக்கும். நோயாளியின் அதிகபட்ச வலுவை முதலில் அளந்து, பெரும்பாலும் அதில் 30 விழுக்காடு அளவில் தொடங்கி, வாரந்தோறும் கூட்டுகிறார்கள். நாளொன்றுக்கு அரை மணி நேரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாள் செய்யவேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. மூச்சை இழுக்கும்போது மூன்று பந்துகள் எழும்பும் ஸ்பைரோமீட்டர் பலரும் அறிந்தது. ஆனால் ஆழமாக இழுக்கப் பழக்குவதற்குத்தான் அது உதவுமே தவிர, தசைக்குச் சுமை கொடுக்கும் கருவிக்கு அது ஈடாகாது. வாய் ஒரு பக்கம் கோணியிருப்பவருக்குக் கருவியைச் சுற்றி உதடு மூடாமல் கடைவாய் வழியே காற்று ஒழுகிவிடும். அந்த ஓரத்தை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொள்ள யாரேனும் சொல்லித்தராவிட்டால், முயற்சி முழுவதும் வீணாகி, அவரும் மனம் சோர்ந்துபோவார்.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே தொடங்கிவிடக்கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மூச்சை அடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்கும், அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களுக்கும் அது ஆபத்து. நாற்காலியிலிருந்து எழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் என் கணவருக்கும் இருந்தது. எண்ணிக்கொண்டே எழச் சொல்லி அதை மாற்றினோம். வேகவேகமாக மூச்சுவிடுவதும் கூடாது. இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கும். தலைசுற்றி, விரல்கள் மரத்துப்போகும். மூச்சுப் பயிற்சி மட்டுமே பக்கவாதத்தைக் குணப்படுத்தும் என்று சொல்லும் காணொளிகளை உறவினர்கள் எங்களுக்கு நல்லெண்ணத்தோடு அனுப்பினார்கள். அவற்றுக்கு ஆதாரம் இல்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், முறையான பயிற்சியால் மூச்சுத் தசைகளின் வலு கூடுகிறது, நுரையீரல் சிக்கல்கள் குறைகின்றன என்ற அளவில் நம்பிக்கை தெரிவிக்கிறார்கள். நடையிலும் அன்றாட வேலைகளிலும் அதன் பலன் எவ்வளவு தெரியும் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. என்னைப் பொறுத்தவரை, இன்னொரு நிமோனியாவைத் தவிர்க்க உதவும் என்பதே போதுமான காரணம்.

மருத்துவமனைகளிடம் என் வேண்டுகோள் இதுதான்: பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், கைகாலின் வலுவைச் சோதிப்பதுபோலவே மூச்சின் வலுவையும் இருமலின் வேகத்தையும் விழுங்கும் திறனையும் சோதித்துக் குறிப்பில் எழுதுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவரின் உள்ளங்கைகளை நோயாளியின் விலாவின் மேல் ஒருமுறையேனும் வைத்துக் காட்டுங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. தாங்களும் ஓர் இயன்முறை மருத்துவரையும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரையும் கொண்டு, இந்தப் பயிற்சிகளைப் படங்களோடு, யார் செய்யக்கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்து, விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கணவரைப் பராமரித்துவரும் வாசகி