ஆகஸ்டில் விற்ற பங்குக்கு எப்போது, எவ்வளவு கட்டுவது

செப்டம்பர் 3, 2025

அன்புள்ள வித்யா,

பங்குகளை விற்றதில் 90,000 டாலர் லாபம், அதற்கான வரி முழுவதையும் இந்த 15-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டியதில்லை. அதற்காக ஏப்ரல் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவும் கூடாது. அமெரிக்க மத்திய அரசு வரியைப் பொறுத்தவரை டிசம்பருக்குள் நீ சரிக்கட்ட வேண்டியது ஏறக்குறைய 2,540 டாலர்தான். அந்தக் கணக்கை நீயே போட்டுப் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த 90,000 சரிதானா என்று பார். நீ விற்றது கம்பெனி சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கொடுத்த ஆர்எஸ்யு பங்குகள். அவை வெஸ்ட் ஆன, அதாவது முழுதாக உன் கைக்கு வந்த, அன்றைய மதிப்பு ஏற்கெனவே உன் சம்பளத்தில் சேர்ந்து, அதற்கு வரியும் கட்டியாகிவிட்டது. ஆகவே அந்த மதிப்புதான் உன் வாங்கிய விலை. ஆனால் புரோக்கர் தரும் 1099-பி படிவத்தில் அந்த இடம் பல நேரம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருக்கும். அதை அப்படியே நம்பினால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவாய். புரோக்கரின் துணை அறிக்கையில் சரியான விலை இருக்கும். ரிட்டர்னோடு பங்கு விற்பனையைக் காட்டும் 8949 படிவத்தில் திருத்தம் போட வேண்டும். அப்படிக் கழித்த பிறகும் 90,000 என்றால், எல்லாப் பங்கும் ஒரு வருடத்துக்கு மேல் கையில் இருந்தவை என்றால், மேலே படி.

வரியை ஆண்டுக்குள்ளேயே தவணையாகக் கட்டாமல் விட்டால் ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித்துறை, ஓர் அபராதம் போடும். அது பேருக்குத்தான் அபராதம். கணக்கில் அது வட்டி. குறுகிய கால அரசுக் கடனின் வட்டியோடு 3 சதவீதம் சேர்த்து ஒவ்வொரு காலாண்டுக்கும் விகிதத்தை அறிவிப்பார்கள். 2024 முழுவதும் 8 சதவீதம், இந்த ஆண்டு 7. கூட்டு வட்டி கிடையாது. அதை வரிக் கழிவாகக் காட்டவும் முடியாது. முக்கியமானது என்னவென்றால், ஆண்டின் மொத்தத்தை வைத்து ஒரே கணக்காகப் பார்ப்பதில்லை. நான்கு தவணைத் தேதி உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஏப்ரல் தவணையில் குறைந்ததை டிசம்பரில் கட்டினாலும், இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி ஓடியிருக்கும். "மொத்தமாகக் கட்டிவிட்டேனே, பிறகு எதற்கு அபராதம்?" என்று கேட்கிறவர்கள் விழும் குழி இதுதான்.

தேதிகள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. காலாண்டுத் தவணை என்று சொன்னாலும் இடைவெளிகள் சமமல்ல: முதல் தவணை மூன்று மாத வருமானத்துக்கு, இரண்டாவது ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு மட்டும், மூன்றாவது ஆகஸ்ட் வரை, கடைசி நான்கு மாதத்துக்கு. தேதி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள். இந்த ஆண்டு ஜூன் 15 ஞாயிறாக இருந்ததால் 16 ஆயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்காரர்களுக்குக் காட்டுத்தீயால் அக்டோபர் 15 வரை கெடு தள்ளிப்போயிருக்கிறது. உன் தோழி அங்கே இருக்கிறாள் என்பதற்காக அந்தத் தேதியை நீ எடுத்துக்கொள்ளாதே, நீ இருக்கும் சான் ஹோசேக்கு அது கிடையாது.

இனி தப்பிக்கும் வழிகள். சம்பளத்தில் பிடித்த வரியும் வரிச் சலுகையும் போக நீ தர வேண்டியது 1,000 டாலருக்குக் கீழே இருந்தால் அபராதம் இல்லை. இந்த ஆண்டு வரியில் 90 சதவீதத்தைத் தவணைப்படி கட்டியிருந்தாலும் இல்லை. மூன்றாவதுதான் உனக்கானது: போன ஆண்டின் மொத்த வரியை இந்த ஆண்டு கட்டியிருந்தால், இந்த ஆண்டு வருமானம் எவ்வளவு எகிறினாலும் அபராதம் இல்லை. போன ஆண்டின் ஏஜிஐ (சில கழிவுகள் போன மொத்த வருமானம்) 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் மட்டும் 100 சதவீதத்துக்குப் பதில் 110 சதவீதம். எதிர்பாராமல் வருமானம் ஏறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல விதி வேறில்லை, ஏனென்றால் போன ஆண்டு எண் மாறாது, யூகிக்க வேண்டியதும் இல்லை.

உன் 2024 ரிட்டர்னை எடு. ஏஜிஐ 1,62,000, ஆக 110 சதவீதம். 1040 படிவத்தில் 24-ஆம் எண்ணில் இருக்கும் மொத்த வரி 28,400. அதில் 110 சதவீதம் 31,240. திரும்பி வந்த ரீஃபண்டையோ கடைசியில் கட்டிய பாக்கியையோ போன ஆண்டு வரி என்று எடுத்துவிடாதே.

இந்த ஆண்டு 1,65,000 சம்பளத்தில் பிடித்தம் டிசம்பர் முடிவில் 28,700 அளவில் நிற்கும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு என்பதால் லாபத்துக்கு நீண்ட கால விகிதம், 15 சதவீதம், 13,500. அதோடு, தனி நபருக்கு 2,00,000 டாலருக்கு மேல் போனால் முதலீட்டு வருமானத்தின் மேல் 3.8 சதவீதக் கூடுதல் வரி உண்டு. உன் ஏஜிஐ 2,55,000 ஆவதால் மிஞ்சிய 55,000-க்கு 2,090. பலர் கணக்கில் விடுவது இதைத்தான். சம்பளத்துக்கான வரியையும் சேர்த்து மொத்தத்தில் இந்த ஆண்டு வரி 44,250 பக்கம் வரும். அதில் 90 சதவீதம் 39,800-க்கு மேல். 31,240 எங்கே, 39,800 எங்கே! சிறியதைக் கட்டினால் போதும் என்பது சட்டம். 31,240-இல் பிடித்தம் 28,700 போனால் மீதி 2,540.

இந்த 2,540-ஐ எப்படிக் கட்டுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐஆர்எஸ் தளத்தில் செப்டம்பர் 15 அன்று நேரடியாகக் கட்டினால், அது கட்டிய நாளில் வந்த பணமாகவே எண்ணப்படும். தவணைக்கு 635 வீதம் ஏப்ரலிலும் ஜூனிலும் குறைந்தது குறைந்ததுதான், அதற்கு ஏறக்குறைய 30 டாலர் விழும். அதே தொகை சம்பளத்தில் பிடிக்கப்பட்டால், டிசம்பரில் பிடித்தாலும், ஆண்டு முழுவதும் நான்கு தவணைக்கும் சமமாகப் பிடித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் பள்ளமும் தானாக மூடிவிடும், அபராதம் பூஜ்யம்.

ஆகவே இந்த வாரமே கம்பெனியின் பேரோல் தளத்தில், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தைத் திற. 4(சி) என்ற இடத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய தொகையைக் கேட்கும். செப்டம்பர் 15-லிருந்து டிசம்பர் 31 வரை உனக்கு எட்டுச் சம்பளம். 320 என்று போடு, 2,560 ஆகிவிடும். ஒரு சம்பளத்துக்கான தொகைதான் அங்கே கேட்கிறார்கள், மொத்தத்தை எழுதிவிடாதே. 15-ஆம் தேதிச் சம்பளத்துக்கான கெடு முடிந்திருந்தால் ஏழால் வகுத்து 365 போடு. முதல் சம்பளச் சீட்டு வந்ததும் பிடித்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். டிசம்பர் கடைசிச் சம்பளம் ஜனவரியில் கைக்கு வந்தால் அது அடுத்த ஆண்டுக் கணக்கு. அதையும் கேட்டு வைத்துக்கொள்.

நவம்பரில் இன்னொரு ஆர்எஸ்யு வெஸ்ட் ஆகும் என்றாய். அதில் 22 சதவீதம்தான் பிடிப்பார்கள், உன் உண்மையான விகிதமோ 24, கூடவே அந்த 3.8-உம் இன்னும் கொஞ்சம் ஏறும். அபராதத்தைத் தவிர்க்க அந்தப் பிடித்தம் உதவும், ஆனால் அது போதாததால் ஏப்ரல் பாக்கி கொஞ்சம் கூடும். வெஸ்ட் ஆன பிறகு 320-ஐ வேண்டுமானால் நிறுத்து, அதை நம்பி இப்போதே விட்டுவிடாதே.

வருமானம் எந்த மாதம் வந்ததோ அந்த மாதத்திலிருந்து மட்டும் கணக்குப் போடும் வழியும் உண்டு. இந்த அபராதத்தைக் கணக்கிடும் 2210 படிவத்தின் ஏஐ அட்டவணைதான் அது. ஜனவரியிலிருந்து மார்ச், மே, ஆகஸ்ட் வரை வந்ததை முறையே 4, 2.4, 1.5 ஆகிய எண்களால் பெருக்கி ஆண்டு வருமானமாக்கி, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு வேண்டும் என்று காட்டுவது. போன ஆண்டு வரியே பெரிதாக இருந்து, பிடித்தமும் இல்லாமல், ஆண்டின் பின்பாதியில் பணம் வந்தவர்களுக்கு அது ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்தும். 30 டாலருக்காக அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை.

மீதி 13,000 டாலரை ஏப்ரல் 15, 2026-க்குள் கட்டினால் போதும். அதுவரை தனிக் கணக்கில் வை. 4 சதவீத வட்டி என்றால் ஏழு மாதத்தில் 300 டாலர் உனக்கே. ஆனால் அது உன் பணம் இல்லை என்று நினைத்துக்கொள். வரிப் பணத்தில் திரும்பவும் பங்கு வாங்கி, பிப்ரவரியில் சந்தை சரிந்து, ஏப்ரலில் முழிப்பவர்கள் நிறைய. ஏப்ரல் 15 தாண்டினால் வட்டியோடு மாதம் 0.5 சதவீத வேறு அபராதமும் ஓடும். 4868 படிவத்தில் அக்டோபர் வரை அவகாசம் வாங்குவது ரிட்டர்ன் தாக்கல் செய்யத்தான், பணம் கட்ட அல்ல.

ஐஆர்எஸ் தளத்தின் டைரக்ட் பே வழியாகக் கட்ட நேர்ந்தால் இரண்டு இடத்தில் கவனம். ஆண்டு முடிவதற்குள் கட்டுவது என்றால் காரணம் எஸ்டிமேட்டட் டாக்ஸ், படிவம் 1040-இஎஸ், ஆண்டு 2025. ஆண்டை 2024 என்று தேர்ந்துவிட்டால் பணம் போன ஆண்டுக் கணக்கில் போய் உட்காரும். திருப்பி மாற்றக் கடிதம், தொலைபேசி என்று அலைச்சல். அடையாளம் சரிபார்க்கப் பழைய ரிட்டர்ன் விவரம் கேட்கும். இந்தச் சரிபார்ப்புக்கு நீ எந்த ஆண்டைத் தேர்கிறாயோ அந்த ஆண்டு ரிட்டர்னில் இருந்த முகவரியைக் கொடு, இப்போதைய வீட்டு முகவரியை அல்ல. உறுதி எண்ணை எடுத்து வை.

கலிஃபோர்னியாவை மறந்துவிடாதே. அங்கே நீண்ட கால லாபத்துக்குச் சலுகை விகிதம் இல்லை, சம்பளம் போலவே வரி. உனக்கு 9.3 சதவீதம், அதாவது 8,370 டாலர். தவணையும் வேறு மாதிரி: ஏப்ரலில் 30 சதவீதம், ஜூனில் 40, செப்டம்பரில் ஒன்றுமில்லை, ஜனவரியில் 30. போன ஆண்டின் 110 சதவீத விதி அங்கேயும் உண்டு. இந்த ஆண்டு ஏஜிஐ 10 லட்சம் டாலரைத் தொட்டவர்களுக்கு மட்டும் மறுக்கப்படும். மாநிலப் பிடித்தம் குறைவாக இருந்தால் டிஇ 4 படிவத்தில் கூட்டு, டபிள்யூ-4 மத்திய வரிக்குத்தான். இந்த 8,370-ஐயும் அதே தனிக் கணக்கில் சேர்த்து வை.

ஜனவரியில் செய்ய வேண்டியது இரண்டு. டபிள்யூ-4-இல் போட்ட 320-ஐ எடுத்துவிடு, இல்லாவிட்டால் அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே போகும். அடுத்து, ரிட்டர்ன் போடும்போது மென்பொருள் 2026-க்கு நான்கு வவுச்சர், அதாவது தவணை கட்டும் சீட்டு, அச்சடித்துத் தரும், ஒவ்வொன்றும் 5,000 டாலர் அளவில். 44,250-இன் 110 சதவீதம் 48,675 என்று எடுத்து அது போடும் கணக்கு. இந்த ஆண்டு உன்னைக் காத்த விதி அடுத்த ஆண்டு உனக்குப் பெரிய சுமை. 2026-இல் வெறும் சம்பளம்தான் என்றால் 90 சதவீத வழியை எடுத்துக்கொள், பிடித்தமே போதும், வவுச்சர்களைக் கிழித்துப் போடலாம். மறுபடி பங்கு விற்கப் போகிறாய் என்றால் விற்கும் முன் சொல்.

போன ஆண்டு கலிஃபோர்னியா ரிட்டர்னான 540 படிவத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் அனுப்பு. டிஇ 4-இல் எவ்வளவு போட வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா