கணினிப் பராமரிப்பாளர்களே, 3389-ஐ மூடுங்கள்: ஒரு திறந்த மடல்

சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். இத்தகைய நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். தொலைவிலிருந்தே அலுவலகக் கணினியை இயக்க நீங்கள் அமைத்துத் தந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத்தான் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். வசதிக்குக் குறைவில்லை, அதை அமைக்கும் விதம்தான் கவலை தருகிறது.

ரிமோட் டெஸ்க்டாப்புக்கான இணைய வாசலாகிய 3389-ஆம் போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிடுகிறீர்கள். கணினியில் முழு அதிகாரம் உள்ள 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு. உங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் பெரும்பாலும் அதேதான். "இவ்வளவு சிறிய இடத்தை யார் தேடி வரப்போகிறார்கள்?" என்று முதலாளி கேட்டால் நீங்களும் தலையாட்டுகிறீர்கள். யாரும் தேடி வர வேண்டியதில்லை. தானியங்கி நிரல்கள் இணைய முகவரிகளை இரவும் பகலும் வரிசையாகத் துழாவுகின்றன. திறந்த போர்ட் அகப்பட்டால், வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கின்றன. போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் அவற்றுக்குச் சற்றுக் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

கடினமான பாஸ்வேர்டு போதாதா? 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள், கைவிடப்பட்ட பழைய விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் செல்லும் பாதுகாப்பான தனிப்பாதை) கணக்கு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதன் பாஸ்வேர்டு சிக்கலானதுதான் என்று அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகி செனட் குழுவிடமே சொன்னார். பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சான்று கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புதான் இல்லை. எரிபொருள் குழாய் பல நாட்கள் நின்றது. நுழைந்தவர்களுக்கு 75 பிட்காயின் பணயத்தொகையாகக் கொடுக்கப்பட்டது. 2019-இல் வெளிவந்த 'புளூகீப்' இன்னும் மோசம்: ரிமோட் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டே தேவைப்படாத ஓட்டை. 2014-இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தின் அளவு உங்களுக்கே புரியும்.

ஆகவே முதல் வேலை, போர்ட்டை மூடி, விபிஎன் வழியாக மட்டும் உள்ளே விடுவது. அந்த விபிஎன்னுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். எஸ்எம்எஸ் குறியீடு, எதுவுமே இல்லாததைவிட மேல். ஆனால் உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புதிய சிம் வாங்கிவிட்டால் குறியீடு அவருக்குப் போகும். கைப்பேசிச் செயலியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண் அதைவிட நல்லது. ஆனால் அதையும் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்ய வைத்து உடனே பயன்படுத்திவிட முடியும். யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி தளத்தின் முகவரியைச் சரிபார்ப்பதால் போலிப் பக்கத்தில் அது பலிக்காது. எல்லாருக்கும் வாங்க முதலாளி தயங்கினால், அட்மின் கணக்குகளுக்காவது கேளுங்கள். 'அனுமதிக்கவா?' என்று மட்டும் கேட்கும் செயலி வேண்டாம். பாஸ்வேர்டைத் திருடியவர் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப வரவைத்தால், தொல்லை தாங்காமல் யாராவது ஒருவர் 'ஆம்' என்று அழுத்திவிடுவார்.

"ஒவ்வொரு முறையும் போனை எடுக்க வேண்டுமா?" என்று முணுமுணுப்பார்கள். நானும் முணுமுணுப்பேன். பொருட்படுத்தாதீர்கள். போன் தொலைந்தால் உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு முதலாளியின் பெட்டகத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சற்றுச் சங்கடமானது. பழுது பார்க்க நீங்கள் நிறுவியிருக்கும் ரிமோட் மென்பொருள் எப்போதும் விழித்தே இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஏமாந்தால் உங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அகப்படுவார்கள். அழைத்தால் மட்டும் திறக்கும்படி அதை மாற்றுங்கள்; வேலையை விட்டுப் போன ஊழியர்களின் கணக்குகளையும் நீக்குங்கள்.

அடுத்த முறை பராமரிப்புக்கு வரும்போது, கைப்பேசி இணையத்திலிருந்து அந்த நிறுவனத்தின் 3389 பதில் சொல்கிறதா என்று பாருங்கள். முடிவைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கணக்கில் ஏற்றும்போது நானும் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்காளர்