கப்பலில் இருந்து எப்படி இறங்குவது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் போய்வருவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. கப்பலில் எத்தனை மாடி, சாப்பாட்டில் என்னென்ன கிடைக்கும், நீச்சல்குளம் எங்கே என்றெல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் அந்த ஊர்களில் கப்பலை விட்டு எப்படிக் கரைக்கு இறங்குவது என்று ஒரு வரிகூட இல்லை. இதை நான் குறையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது நம் ஊர்ப் பக்கம் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் இந்தக் கப்பல் பயணத்தைத்தான் பரிசாகப் பதிவு செய்து கொடுக்கிறார்கள். எங்கள் மகனும் அப்படித்தான் ஆசையாக அனுப்பி வைத்தான். போகிறவர்கள் பாதிப் பேர் முட்டிவலிக்காரர்கள்.

போன செப்டம்பரில் ஏதென்ஸ் பக்கத்தில் இருக்கும் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறினோம். மைகோனஸ், துருக்கியில் குஷாடசி, அப்புறம் ரோட்ஸ், கடைசியாக சாந்தோரினி. மைகோனஸில் காற்று பலமாக இருந்ததால் கப்பல் நிற்கவே இல்லை. ஏஜியன் கடலில் வெயில் காலத்தில் வடக்கே இருந்து மெல்டெமி என்று ஒரு காற்று அடிக்கும், வானம் பளிச்சென்று நீலமாகத்தான் இருக்கும், ஆனால் கடல் கொந்தளிக்கும். கேப்டன் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது நம் நல்லதுக்குத்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. இப்படியும் நடக்கலாம் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த ஊரை நினைத்து அவ்வளவு ஆசை வைத்திருக்க மாட்டோம்.

என் வருத்தம் சாந்தோரினி பற்றித்தான். அந்தத் தீவு ஒரு எரிமலையின் மிச்சம். ஏறத்தாழ 3,600 வருடத்துக்கு முன்னால் பெரிதாக வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் போய்விட, சுற்றிலும் செங்குத்தான பாறையும் நடுவில் மிக ஆழமான கடலும் நின்றுவிட்டது. அதனால் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க அங்கே இடமில்லை. நடுக்கடலில் நிறுத்தி, டோக்கன் கொடுத்து, சின்னப் படகில் ஆளாளாக இறக்குகிறார்கள். படகு ஏறி இறங்கி ஆடும்போது கப்பலின் கதவில் இருந்து ஒரே எட்டில் கால் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருடம் முன்புதான் முட்டி ஆபரேஷன் ஆனது. ஊழியர்கள் இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்து இறக்கினார்கள், அவர்களுக்குப் புண்ணியம் உண்டாகட்டும். எனக்குத்தான் அந்த நேரத்தில் உயிரே இல்லை.

படகு விடுகிற பழைய துறைமுகத்தில் இருந்து ஃபிரா என்ற ஊர் தலைக்கு மேலே நிற்கிறது. ஏறுவதற்கு ஏறத்தாழ 600 படி, அல்லது கோவேறு கழுதை, அல்லது ரோப்கார். நான் திண்டுக்கல்காரி, பழனி படி தெரியும் என்பதால் சொல்கிறேன், அதற்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆனால் நிழல் மண்டபம் எதுவும் கிடையாது, வழி முழுக்கக் கழுதைச் சாணம். அந்த விலங்குகள் மேல் 100 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2018ல் கிரேக்க அரசே சட்டம் போடும் அளவுக்கு அவற்றின் பாடு இருந்திருக்கிறது, எங்களுக்கு ஏற மனசு வரவில்லை. ரோப்காரில் ஒரு தடவைக்கு 36 பேர்தான். எங்களுடையதைத் தவிர இன்னும் இரண்டு கப்பல் அன்றைக்கு நின்றது. வெயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசை. மேலே போய்ச் சேர்ந்து ஒரு காபி குடித்து அந்தக் கடலைப் பார்த்தோம், அவ்வளவுதான், கடைசிப் படகு போய்விடுமோ என்ற பயத்தில் மறுபடி கீழே இறங்கும் வரிசை. பயணத் திட்டத் தாளில் கப்பல் அங்கே நிற்கும் என்று போட்டிருந்தது ஒன்பது மணி நேரம். ஊரில் நின்றது ஒன்றேகால் மணி நேரம். விளம்பரத்தில் எல்லாரும் போடுகிற அந்த நீலக் குவிமாடம் இயா என்ற வேறு ஊரில் இருக்கிறது, ஃபிராவில் இருந்து 11 கிலோமீட்டர். அதையும் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

பயணத்தைப் பதிவு செய்த ஏஜென்சியில் நான் நேரில் உட்கார்ந்து, "இவருக்குப் படி ஏற முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவை வாங்காதீர்கள், விலை அதிகம், நீங்களே சுற்றிப் பார்க்கலாம்" என்றார்கள். அப்படி வாங்கியவர்களைப் பெரும்பாலும் அதினியோஸ் என்ற இன்னொரு துறைமுகத்தில் இறக்கி, பஸ்ஸிலேயே மேலே கூட்டிப் போய்விடுகிறார்கள். இது பக்கத்து மேசையில் சாப்பிட்ட ஒரு குஜராத்தி அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் அன்று ராத்திரி.

ரோட்ஸ் ஊரைப் பாருங்கள், அங்கே சுற்றுலா எதுவும் வாங்க வேண்டாம். கப்பல் கரையை ஒட்டி நிற்கிறது, இறங்கி மெதுவாக நடந்தால் கோட்டை வாசல். உள்ளே கூழாங்கல் பதித்த தெரு, செருப்பு மட்டும் நல்லதாக வேண்டும். என் வீட்டுக்காரர் அன்று காலை முதல் சாயங்காலம் வரை தானாக நடந்தார், ஒரு திண்ணையில் உட்கார்ந்து பூனைகளுக்கு ரொட்டி போட்டார், இன்றைக்கும் அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். குஷாடசியிலும் கரையிலேயே இறங்கலாம். அங்கிருந்து எபெசஸ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகள் 20 கிலோமீட்டர் போல. மேல் வாசலில் இறக்கிவிட்டால் பளிங்குத் தெரு முழுக்க இறக்கம், கீழ் வாசலில் பஸ் நிற்கும், நிதானமாக வரலாம். வழவழவென்று இருக்கும் என்பதால் ஒரு கைத்தடி தேவை. இன்னொன்று, நடுவில் துருக்கிக்குப் போய்த் திரும்பக் கிரேக்கத்துக்கு வருவதால் கிரேக்கம் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும் ஷெங்கன் விசா ஒரு தடவை நுழைவதற்கானதாக இருந்தால் போதாது. இதையும் என் மகன் கவனித்துச் சொன்னதால் தப்பித்தோம்.

இப்போது சாந்தோரினியில் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று 2025 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள், அந்த ஊரில் இறங்க ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைக்கு 20 யூரோ கட்டணமும் வந்துவிட்டது. கூட்டம் குறைந்தால் நல்லதுதான், அந்த ஊர்க்காரர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாமா. ஆனால் பாறையும் படியும் எங்கேயும் போகப் போவதில்லை. நம் லட்சத்தீவுக்குப் போகும் கப்பலிலும் பவளப்பாறைக்கு வெளியே நிறுத்திச் சின்னப் படகில்தான் மாற்றுகிறார்கள், ஆகவே இது வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் பக்கத்தில் கரையில் இறங்கலாமா, படகில் இறங்க வேண்டுமா, எத்தனை படி, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று நான்கு விஷயத்தைப் போட்டுவிடுங்கள். என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வருகிற மே மாதம் இதே வழியில் போகிறார்கள். அவளுக்கு நான் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திண்டுக்கல்.